ஐந்து நாள் நீலம்

மைசூர்
6-7-1943

சௌபாக்கியவதி வாலாம்பாளுக்கு, பாலசந்திரன் மனப்பூர்வமான ஆசீர்வாதம். நான் சௌக்கியம். நீயும் நம் குழந்தை கனகலக்ஷ்மியும் சௌக்கியம் என்று நாலு வரி எழுதினால் இன்னும் சௌக்கியமாக இருப்பேன்.

பெயர் வைத்த நாளன்று சாப்பிட்ட கையோடு நான் கிளம்பி வந்துவிட்டதில் உனக்குக் கோபம் இருக்கும். நீ பிரசவ அறையில் படுத்திருந்தாய். கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டிருக்கும், விஷயம் கேட்டிருக்காது. உன் அப்பா என்னை நேரே ஓடைக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். "மாப்பிள்ளை, ஒரு தடவை குனிஞ்சு மோந்து பாருங்கோ" என்றார். குனிந்தேன். பொய் சொல்ல மாட்டேன் வாலா, சாப்பிட்ட பாயசம் தொண்டைவரை வந்துவிட்டது. கரையோரம் மீன் செத்து ஒதுங்கிக் கிடந்தது. உங்கள் நாற்றங்கால் பாதி கருகியிருந்தது. எல்லாம் எங்கள் தொழிற்சாலைத் தண்ணீர். பட்டாளத்துக்காக நாங்கள் இங்கே ஹெப்பாள் பக்கத்தில் தினமும் முந்நூறு மூட்டை உருளைக்கிழங்கைக் கழுவி, காஸ்டிக் சோடா கலந்த கார நீரில் முக்கித் தோலுரித்து, நறுக்கி, உலர்த்தி, டின்னில் அடைக்கிறோம். கழுவின தண்ணீர் ஏழு மைல் ஓடி உங்கள் வயல் மடைக்கு வருகிறது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் சம்பளத்துக்கு இருக்கிற கெமிஸ்ட், என்னால் என்ன செய்ய முடியும்?" என்றேன். அவர் சொன்னார்: "இந்தத் தண்ணியை விடறவா ஆத்துக்கு என் பேத்தியை அனுப்பறதா இல்லை." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐந்து நாள் நீலம் நிற்கிற தண்ணீராக்கிக் காட்டுகிறேன். அதுவரை உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் வாயை விட்டுவிட்டோமே என்று தோன்றியது.

நீலம் என்றால் என்ன என்று நீ கேட்பாய். உங்கள் வண்டிக்காரன் லிங்கப்பன் வண்டியில் ஒரு மருந்துக் குப்பி நீலச் சாயமும், மூடி இறுக்கமான ஆறு கண்ணாடிக் குப்பிகளும் அனுப்பியிருக்கிறேன். மடைத் தண்ணீரைக் குப்பி தளும்பப் பிடித்து, எட்டுச் சொட்டுச் சாயம் விட்டு, காற்றுப் புகாமல் மூடி வை. தண்ணீரில் அழுகுகிற சரக்கு இருந்தால் நீலம் மறைந்து வெளுத்துவிடும். ஐந்து நாள் மறையாமல் நின்றால் அது நல்ல தண்ணீர், மீன் வாழும், நாற்று வாழும்.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஆள் உயரத்துக்கு உடைத்த கருங்கல்லைக் கொட்டி, மேலே துளைக் குழாய் வைத்து, கழிவுநீரை அதன்மேல் மழை மாதிரித் தூவ வேண்டும். சீமையில் ஊர்ச் சாக்கடைக்கே இப்படிச் செய்கிறார்கள். மானேஜர் துரை நேற்று சம்மதித்துவிட்டார்! இன்று கல் வந்து இறங்குகிறது. சத்தம் காதைப் பிளக்கிறது, எனக்கு நாகஸ்வரம் மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
பாலசந்திரன்


நெல்லிக்கொப்பல்
14-7-1943

என் அன்புக்குரியவருக்கு, வாலாம்பாள் அநேக நமஸ்காரம். குழந்தையும் நானும் சுகம்.

உங்கள் கடிதத்தில் தண்ணீர் என்கிற வார்த்தை எத்தனை தடவை வருகிறது என்று எண்ண ஆரம்பித்து, அலுத்துப்போய் விட்டுவிட்டேன். குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வரி. அவளுக்கு உங்கள் மூக்கு. கோபம் வந்தால் உங்கள் மாதிரியே முகம் சிவந்து, கொஞ்ச நேரத்தில் எதற்குக் கோபம் என்பதே மறந்து சிரிக்கிறாள்.

அப்பாவிடம் ரோஷப்பட்டீர்களே, அவர் யார் என்று மறந்துவிட்டீர்களா? முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர் நாராயணஸ்வாமி. தாலுகா அதிகாரி அமல்தாரே ஓடி வந்து கையைக் காட்டினாலும், நேரமாகிவிட்டால் கொடியை ஆட்டி ரயிலை விட்டவர். வாக்கு என்றால் அவருக்கு டயம் டேபிள். நீங்கள் ஐந்து நாள் என்று சொல்லிவிட்டீர்கள். இனி நாலே முக்கால் நாள் என்றால்கூட அவர் ஒப்பமாட்டார். இரண்டு நாள் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அம்மா கணக்குப் போட்டுச் சொன்னாள். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் ஐப்பசி. அப்போது என்னை அனுப்பினால் உண்டு. கார்த்திகை ஆறாம் மாதம், இரட்டைப்படை. மார்கழியில் யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். தை மறுபடி இரட்டைப்படை. ஆக, ஐப்பசி தவறினால் மாசிதான். அதற்குள் அவள் தவழ்ந்து, உட்கார்ந்து, பல் முளைத்து, "அப்பா" என்று லிங்கப்பனைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள்.

நீங்கள் சொன்னபடி முதல் குப்பி போட்டேன். மூடி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சி இறக்கி வருவதற்குள் வெளுத்துவிட்டது. அப்பா பார்த்தார். குப்பியைத் தானே கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தார்.

வாலாம்பாள்


மைசூர்
22-8-1943

சௌபாக்கியவதி வாலாவுக்கு ஆசீர்வாதம்.

வந்துவிட்டது! வந்துவிட்டது! கல்லின்மேல் தோல் வந்துவிட்டது!

ஐந்து வாரமாகத் தினமும் காலையில் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் கல்லாகவே இருந்தது. கார நீர் போய்ச் சேர்ந்து எல்லாவற்றையும் கொன்றுகொண்டிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. பாய்லர் புகையைக் குழாய் போட்டுத் தண்ணீருக்குள் விட்டேன், காரம் அடங்கிவிட்டது. கிழங்குத் தோலையும் மண்டியையும் முன்னாலேயே தொட்டியில் நிறுத்திவிட்டேன். போன வாரம் கல் லேசாக வழுக்கியது. இன்று பார்த்தால் கீழ்வரை பழுப்பாக, வழவழவென்று, ஒரு ரூபாய்க் காசு கனத்துக்குப் படிந்திருக்கிறது. பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது அழுக்கு இல்லை வாலா, உயிர்! கண்ணுக்குத் தெரியாத கோடி ஜீவன்கள் அதில் குடியிருக்கின்றன. கிழங்கின் மாவும் சாறும் அவற்றுக்குச் சாப்பாடு. மேலே கஞ்சி மாதிரி விழுகிற தண்ணீர் அடியில் மழைத் தண்ணீர் மாதிரி வருகிறது.

தோலுரிக்கும் பெண்களுக்குத் தலைவி ரங்கம்மா, கொள்ளேகால்காரி. குழாய்த் துளை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏனுங் சாமி, இத்தனை நாளா இந்தச் சளிக்கா காத்துக்கிட்டிருந்தீங்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையைவிடப் பரிதாபம் அதிகம்.

தொழிற்சாலை வாசலில் எடுத்த தண்ணீரில் நீலம் ஒன்றரை நாள் நின்றது. நான் சாப்பிடவே மறந்துவிட்டேன். கனகுவின் மூக்கைப் பற்றி எழுதினாயே, அந்த வரியை மட்டும் ஏழெட்டுத் தடவை படித்தேன். போதுமா?

உன்
பாலசந்திரன்


நெல்லிக்கொப்பல்
16-9-1943

என் அன்புக்குரியவருக்கு நமஸ்காரம்.

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மடைத் தண்ணீரில் நீலம் மூன்று நாள் நின்றது! மூன்று முழு நாள்! நாலாம் நாள் காலையில்தான் வெளுத்தது.

ஊரில் வித்தியாசம் தெரிகிறது. சாயங்காலம் கிழக்கத்திக் காற்று அடித்தால் முன்பெல்லாம் ஜன்னலைச் சாத்துவோம். இப்போது சாத்த வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வயல் மாதேவி எருமையைத் துணிந்து ஓடையில் இறக்கினாள், எருமையும் ஏறி வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. இதைச் சொல்ல அவள் இரண்டு வயல் தாண்டி ஓடி வந்தாள்.

இன்னொன்று. அப்பா ரயில்வேயில் இருந்தபோது வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார். காலையும் மாலையும் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குப்பி அலமாரி முன்னால் நிற்கிறார். "6 மணி 10 நிமிஷம். நீலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். நான் பார்த்தால் மட்டும் அலமாரியில் விபூதி தேடுகிற மாதிரி பாவனை.

அம்மா அவரிடம் பேசி என்னை அனுப்ப நாள் பார்க்க வைத்துவிட்டாள். நவம்பர் 3, புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்குள். "நீலம் நின்னா" என்று இரண்டு தடவை சொன்னார். சொல்லட்டும். எனக்கு உங்கள் கல்லின்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. கனகுவின் சட்டைகளை மடித்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

வாலாம்பாள்


மைசூர்
4-10-1943

என் வாலாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கே தொழிற்சாலை வாசலில் ஐந்து நாள்! நேற்றோடு ஐந்து நாள் முடிந்தும் குப்பி நீலமாகவே இருக்கிறது. ஏழு மைல் ஓடி வந்த பிறகு உங்கள் மடையிலும் அப்படி இருக்க இன்னும் கொஞ்ச நாள்தான். மானேஜர் துரை கை குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊர் முழுக்கத் தசரா களை கட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. ரங்கம்மாவையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, "இந்த வருஷம் நம் தொழிற்சாலை மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு இடம் பாக்கியில்லாமல் எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் என் செலவு. நான் இரண்டு நாள் லீவு போட்டு, வீட்டுக்கு வெள்ளையடித்து, உத்தரத்தில் தூளிக்குக் கொக்கி மாட்டப் போகிறேன்.

பாலசந்திரன்


மைசூர்
10-10-1943

வாலா,

எல்லாம் போயிற்று.

பூஜையன்று மத்தியானம் போனேன். வாசலில் வாழைமரம், மாவிலை. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பூ. ரங்கம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு என்னை இழுக்காத குறையாகக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். "வந்து பாருங் சாமி, நீங்க சொன்ன மாதிரியே பண்ணியிருக்கோமுங்!" என்றாள்.

கல் முழுவதும் வெள்ளை. அவளும் இருபது பெண்களுமாக இரண்டு நாள் அத்தனை கல்லையும் வெளியே எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்து, சீயக்காய் போட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். மேல் வரிசைக்குக் கோயில் மதில் மாதிரி காவிப் பட்டை. ஒவ்வொரு கல்லிலும் ஒரு குங்குமப் பொட்டு. மூன்று மாதம் நான் வளர்த்த உயிர் ஒரு துளி மிச்சமில்லாமல் சாக்கடையில் போய்விட்டது.

யாரைத் திட்டுவது? ஒரு இடம் பாக்கியில்லாமல் என்று சொன்னது நான். அது உயிர், தொடாதே என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளிடம் சொல்லியிருக்கிறேனா? உனக்கு எழுதினேன், துரைக்கு எழுதினேன். கல்லைப் பார்த்துக்கொள்கிறவளிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்கே ஏதோ புரிந்துவிட்டது. "தப்பு பண்ணிட்டமுங்களா சாமி?" என்று கேட்டாள். இல்லை ரங்கம்மா, நான்தான் பண்ணினேன் என்று சொல்லிவிட்டு, கிடங்குக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மறுபடி தோல் வளர ஆறு வாரமாவது ஆகும். நவம்பர் 3க்கு இருபத்துநாலு நாள் இருக்கிறது. உன் அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தூளிக்குக் கொக்கி மாட்டிவிட்டேன்.

பா.


நெல்லிக்கொப்பல்
13-10-1943

என் அன்புக்குரியவருக்கு நமஸ்காரம்.

படித்துவிட்டு முதலில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். குங்குமப் பொட்டு வரையில் சிரித்தேன். தூளிக் கொக்கி என்று வந்ததும் என்னால் முடியவில்லை. அப்புறம் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடைக்குப் போனேன். தண்ணீர் மறுபடி வாடை அடிக்கிறது. கால் கழுவ இறங்கினவள் வழுக்கி விழப் பார்த்தேன்.

ஏன் வழுக்கியது? கல்லைப் புரட்டினேன். பழுப்பாக, வழவழவென்று, நீங்கள் ஆகஸ்டில் எழுதினீர்களே அதே மாதிரி. உங்கள் தொழிற்சாலைத் தண்ணீர் ஒரு வருஷமாக இந்தக் கற்கள்மேல்தானே ஓடுகிறது? அங்கே ஐந்து வாரத்தில் வந்த ஜீவன் இங்கே வந்திருக்காதா? அரை மைல் தூரத்துக்கு ஓடை முழுக்க இந்தக் கல்தான். இதைக் கொண்டுபோய் உங்கள் கல்லோடு கலந்தால், பாலுக்கு உறை ஊற்றின மாதிரி ஆகாதா? நான் கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லை, தயிர் தோய்க்கத் தெரியும். சரியா தப்பா, உடனே சொல்லி அனுப்புங்கள். லிங்கப்பன் பதிலோடுதான் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆயுத பூஜை, சுண்ணாம்பு, பொட்டு, எல்லாம். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "தப்பை அவளோடதுன்னு சொல்லாம தன்னோடதுன்னானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வாலாம்பாள்


மைசூர்
20-10-1943

என் வாலா, என் கெட்டிக்காரி வாலா,

சரி! நூற்றுக்கு நூறு சரி! உன் சீட்டைப் பார்த்ததும் நான் தொழிற்சாலைக்குள் கத்தின கத்தலில் துரை வெளியே வந்துவிட்டார். இத்தனை புத்தகம் படித்த எனக்குத் தோன்றவில்லையே! பதில் எழுதக் காகிதம்கூடத் தேடாமல் லிங்கப்பனிடம் "கொண்டு வா, கொண்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நான் எதிர்பார்த்தது ஒரு வண்டி. பதினாறாம் தேதி காலையில் வந்தது ஏழு வண்டி! ஈரச் சாக்குப் போட்டு மூடி, வெயில் படாமல். லிங்கப்பன் சொன்னான், உன் அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "அது வேண்டாம், அதுல வழவழப்பே இல்லை. இதை எடு" என்று ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து ஏற்றிவிட்டாராமே! ஓடைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர்! நிஜமா? நீ பார்த்தாயா?

சுண்ணாம்புக் கல்லையெல்லாம் எடுத்துவிட்டு, வேறு கல் கொட்டி, இடையிடையே உங்கள் கல்லை வைத்தோம். ரங்கம்மா ஒருத்தரையும் கிட்ட விடவில்லை. இந்தத் தடவை அவளுக்கு எல்லாம் சொன்னேன், மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். "இத்தனை உசுருங்களா சாமி?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இப்போது யாராவது துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனால் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

நாலே நாளில் கல் வழுக்குகிறது! நீலம் ஒரு நாள் நின்றது. கணக்குப்படி போதாது, ஆனால் தினம் தினம் ஏறுகிறது. தீபாவளியன்று காலையில் மடையில் குப்பி போடு. மூன்றாம் தேதிக்கு முன் ஐந்து நாள் முடிய அதுதான் கடைசி. தீபாவளிக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. சொன்ன வாக்கு சொன்னதுதான். குழந்தைக்கு ஒரு பட்டுத் துண்டு அனுப்பியிருக்கிறேன்.

உன்
பாலசந்திரன்


நெல்லிக்கொப்பல்
2-11-1943

என் அன்புக்குரியவருக்கு, வாலாம்பாள் நமஸ்காரம்.

லிங்கப்பன் மாட்டைப் பூட்டிக்கொண்டு வாசலில் அவசரப்படுத்துகிறான். ஆனாலும் முழுவதும் எழுதாமல் இதை ஒட்டப் போவதில்லை.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு அப்பாவே மடைக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். எட்டுச் சொட்டு நான் விட்டேன். மணி ஆறு பத்து. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நீலம் அசையவில்லை. முந்தாநாள் சாயங்காலம் கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. என் கண்தான் கோளாறு என்று வைத்துக்கொண்டேன். நேற்றுக் காலையில் குப்பி வெளுத்துவிட்டது. அடியில் ஒரு நூல் அளவு இருந்தது, சாயங்காலம் அதுவும் இல்லை. நாலு நாள், அவ்வளவுதான். ஒரு நாள் குறைந்துவிட்டது. மாட்டுக்கொட்டிலில் போய் உட்கார்ந்து, மாசி வரைக்கும் எத்தனை நாள் என்று விரலை மடித்து எண்ணினேன். அப்பாவும் குப்பியைப் பார்த்தார், எனக்குத் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் ஒன்றும் எழுதாமல் மூடி வைத்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

இன்று காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன், அப்பா எல்லோரையும் கூப்பிடுகிறார். அம்மாவை, என்னை, லிங்கப்பனை, தண்ணீர் எடுக்க வந்த மாதேவியைக்கூட. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் ரயில் வருவதை அறிவிப்பாரே, அந்தக் குரலில், "ஆறு பத்து. அஞ்சு நாள் ஆயிடுத்து. எல்லாரும் பாத்துக்கோங்கோ, நீலம் நிக்கறது" என்றார். குப்பி நீலமாக இருந்தது.

நான் கையில் எடுத்துப் பார்த்தேன். எட்டுச் சொட்டு நீலம் எப்படி இருக்கும் என்று நாலு மாதமாக எனக்குத் தெரியும். இது மசி மாதிரி இருந்தது. மூடியைச் சுற்றி ஈரம். நோட்டுப் புத்தகத்தில், "6 மணி 10 நிமிஷம். நீலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மாதிரி ஒரு புத்தகத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட மாற்றி எழுதாத மனிதர். எழுதும்போது பார்த்தேன், கட்டைவிரல் நகம் முழுக்க நீலம். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்திருக்கிறார், போகவில்லை. காலையிலிருந்து அந்தக் கையைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இடது கையால் கனகுவின் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன்.

உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். உங்கள் தண்ணீர் நாலு நாள்தான் நிற்கிறது. மிச்சம் ஒரு நாளை நாம் அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம், நானும் கூட இருப்பேன். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். வந்ததும் அப்பாவுக்கு நமஸ்காரம் பண்ணுங்கள். அவர் கையைப் பார்த்தால், பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

வாலாம்பாள்